வேன் அங்கிளுக்குச் சுகர்

அப்பாவுக்குச் சுகர் என்று முதலில் சொன்னவர் கௌசலா ஆன்டி. அப்பா மறுக்கவில்லை. அப்படித்தான் அது தொடங்கியது.

அப்பாவுக்குச் சுகர் கிடையாது. புரோஸ்டேட்டில் புற்றுநோய். ஜூன் மாதம் தெரிய வந்தது. முதுகு வலிக்கிறது என்று இரத்தம் சோதிக்கப் போன இடத்தில் ஓர் எண் கூடுதலாக வந்தது. பிறகு ஸ்கேன், பிறகு ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். நான் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் எதுவும் சுலபமாகவில்லை.

அப்பா கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறார். மேரு சாலைப் பக்கம் ராதாகிருஷ்ணன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வேன் அங்கிள் என்றால் தெரியும். காலையில் வீடு வீடாகப் பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் விடுவார். மதியம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார்.

மருத்துவர் இரண்டு வழிகள் சொன்னார். அறுவை சிகிச்சை என்றால் பல வாரம் வண்டி ஓட்ட முடியாது. கதிர்வீச்சு என்றால், களைப்பில் கண் சொருகாதவரை ஓட்டலாம், ஆனால் வார நாள்களில் தினமும் கோலாலம்பூருக்கு வர வேண்டும், கூடவே ஹார்மோன் ஊசியும் போட வேண்டும். அப்பா யோசிக்கவே இல்லை.

"வேன் நின்னா பிள்ளைங்க வேற வேனுக்குப் போயிரும்," என்றார் வீட்டுக்கு வரும் வழியில். "போன பிள்ளை திரும்பி வராது மா."

அது உண்மை. எங்கள் வட்டாரத்தில் வேன்கள் அதிகம். ஒரு நாள் காலை வராவிட்டால் அன்று மாலைக்குள் வேறு வேன் பேசிவிடுவார்கள். கோபத்தில் இல்லை, அவர்களுக்கும் வேலைக்குப் போக வேண்டும். ஆகவே கதிர்வீச்சு என்று முடிவானது. காலைச் சவாரிக்கும் மதியச் சவாரிக்கும் நடுவில் கோலாலம்பூர் போய்விட்டு வருவது.

இன்னொரு சிக்கல் இருந்தது. சிகிச்சை தொடங்கியதும் அப்பாவால் சிறுநீரை அடக்க முடியவில்லை. வந்தால் உடனே போக வேண்டும். வேனில் பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு இறங்க முடியாது. அம்மா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைப்பதால் விடியும் முன்பே கிளம்பிவிடுவார். எனக்கு மாலை ஷிப்ட். அதுவரை நான் சும்மா இருந்தேன். ஆகவே முன் இருக்கையில் நான்.

நான் அதிகம் பேசாதவள். முதல் நாளே பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அக்காவுக்கு வாய் இருக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான். அவன் பெயர் லோகன்.

"இருக்குடா. மாஸ்க் போட்ருக்காங்க," என்றாள் தாரணி.

தாரணி கௌசலா ஆன்டியின் மகள். நான்காம் ஆண்டு. அப்பா பெட்ரோல் ஸ்டேஷனில் வேனை நிறுத்தி ஓடும்போதெல்லாம் அவள்தான் முதலில் எழுந்து நின்று, வகுப்பில் ஆசிரியரிடம் கழிப்பறைக்கு அனுமதி கேட்கும் மலாய் வாக்கியத்தை ராகம் போட்டுச் சொல்வாள். "சிகு, போலே சாயா பெர்கி தண்டாஸ்?" மற்ற பிள்ளைகள் சேர்ந்துகொள்வார்கள். அப்பா திரும்பி வரும்வரை பாட்டு நடக்கும். அப்பா சிரித்துக்கொண்டே ஏறுவார். கதவைச் சாத்தியதும் சிரிப்பு போய்விடும்.

தாரணி வீட்டில் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை கௌசலா ஆன்டி வேன் ஜன்னல் அருகே வந்து நின்றார்.

"அங்கிள், அடிக்கடி டாய்லெட் போறீங்களாம். சுகரா?"

அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்தார். "ஆமா மா," என்றார்.

"எவ்வளவு இருக்கு?"

"இருக்கு மா, கொஞ்சம்."

"கொஞ்சம் கொஞ்சம்னு சொல்லித்தான் எங்க மாமாவுக்குக் கால எடுத்தாங்க. நீங்க வேற பிள்ளைங்கள வச்சு ஓட்டுறீங்க. சும்மா விடக் கூடாது லா."

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சுகருன்னே இருக்கட்டும்," என்றார். "சுகர் எல்லா வீட்டுலயும் இருக்கு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இத சொன்னா எங்கன்னு கேப்பாங்க. அப்பா எப்படிச் சொல்வாரு?"

யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்பது மட்டும் தவறு. சுகர் என்றால் எல்லாரும் மருத்துவர்கள். அப்பா வழக்கமாக உட்காரும் கடையில் கேட்காமலே தே ஓ கோசோங் வந்தது, பாலும் சீனியும் இல்லாத கறுப்புத் தேநீர். கோயிலில் பொங்கல் கொடுத்தவர் அப்பா கையைப் பார்த்துவிட்டுக் கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வேனில் ஒரு பிள்ளையின் பிறந்த நாளுக்குக் கேக் வந்தது. எல்லாருக்கும் கொடுத்தார்கள். "அங்கிளுக்கு இல்ல. அங்கிள் கால எடுத்துருவாங்க," என்றாள் தாரணி.

கௌசலா ஆன்டி அதோடு நிற்கவில்லை. அவர் வீட்டுக்குப் பின்னால் மிசாய் கூச்சிங் என்கிற பூனைமீசைச் செடி வளர்ந்திருந்தது. அதைக் காய வைத்துக் கொதிக்கவிட்டுத் தினமும் காலையில் ஒரு பெரிய கப்பில் கொண்டுவந்தார். கல்லடைப்பு, இரத்த அழுத்தம், சுகர், எல்லாவற்றுக்கும் இங்கே அதைக் குடிப்பார்கள். அது வேறெதைச் செய்கிறதோ இல்லையோ, சிறுநீரை அதிகமாக்கும்.

"ஒரே மடக்குல குடிங்க அங்கிள்."

அப்பா குடிப்பார். ஆன்டி கப்புக்காக நிற்பார்.

"கீழ ஊத்திருங்க பா," என்று நான் சொன்னேன்.

"எங்க ஊத்துறது? கப்புல அடி தெரியிற வரைக்கும் நிக்குறாங்களே."

மருத்துவமனையில் விதி வேறு. கதிர் வைக்கும்போது சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பினால்தான் குடல் விலகி நிற்கும். முதலில் காலி செய்துவிட்டு, அவர்கள் சொல்லும் அளவு தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மேசையில் படுக்க வைத்துப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். போதாது என்றால் இறக்கிவிடுவார்கள். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் பெஞ்சு.

நீண்ட நடையில் ஆண்கள் வரிசையாக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர். யாரும் யாருடனும் பேசுவதில்லை. ஒருவர் காலை ஆட்டினால் எல்லாருக்கும் புரியும். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பூனைமீசைத் தண்ணீர் குடித்த நாள்களில் அப்பாவால் பெஞ்சில் தாங்க முடியவில்லை. எழுந்து போய்விட்டு வருவார். தலையைக் குனிந்துகொண்டு மீண்டும் தண்ணீர் குடிப்பார். ஒரு நாள் இரண்டு முறை அப்படி ஆகித் தாமதமாகிவிட்டது. கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல் வேறு. நாங்கள் பள்ளிக்குப் போனபோது மற்ற வேன்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. எங்கள் பிள்ளைகள் மட்டும் பைகளைக் கீழே வைத்துவிட்டு வாயிலோரம் வெயிலில் நின்றிருந்தார்கள். காவலாளி அப்பாவைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

அன்று வழியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றோம். பச்சை வந்து, எங்கள் முறை வருவதற்குள் மறுபடியும் சிவப்பானது. அப்பா அழுதார். சத்தமில்லாமல், இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்க. ஹார்மோன் ஊசியால் அப்படி ஆகும் என்று படித்திருந்தேன். உடம்பு திடீரென்று கொதிக்கும், வேர்க்கும், களைக்கும், அழுகை வரும். படித்ததற்கும் பக்கத்து இருக்கையில் அதைப் பார்ப்பதற்கும் தொடர்பில்லை.

"அங்கிள் ஏன் அழுறாரு?" என்றான் லோகன்.

"வேர்வைடா," என்றார் அப்பா.

எங்களுக்குள் சில சொற்கள் இல்லாமல் போயின. அப்பாவுக்கு உள்ளாடைக்குள் வைக்கும் உறிஞ்சு பட்டை தேவைப்பட்டது. ஒரு சனிக்கிழமை என்னிடம் வந்து நின்றார். "மா, அந்த மருந்துக் கடையில... பெரியவங்க போடுவாங்களே..." என்று நிறுத்தினார். நான் தலையசைத்தேன். ஷா ஆலாமில் யாருக்கும் எங்களைத் தெரியாத ஒரு கடையில் வாங்கிவந்து அவர் அலமாரியில், சட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். தீர்ந்தால் வாங்கி வைப்பேன்.

சீக்கிரம் முடிந்த நாள்களில் மருத்துவமனையிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போவோம். அங்கே ஒரு கடையில் அப்பா தே தாரிக் குடிப்பார், கெட்டிப்பால் ஊற்றி நுரை தள்ளியது. கிள்ளானில் அப்பாவுக்குச் சுகர், பிரிக்பீல்ட்ஸில் இல்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. நடைபாதை முழுக்கக் கூடாரக் கடைகள். அந்தப் புதன்கிழமை அப்பா ஜிலேபி வாங்கிவந்து மேசையில் வைத்துப் பிரித்தார். இரண்டாவதைக் கடிக்கும்போது என் பின்னால் குரல் கேட்டது.

"அங்கிள்!"

கௌசலா ஆன்டி. இரண்டு கைகளிலும் புடவைக் கடைப் பைகள். விடுமுறை எடுத்துக்கொண்டு தீபாவளிக்குத் துணி வாங்க வந்திருக்கிறார். அவர் முதலில் அப்பாவைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்தார். பிறகு ஜிலேபியைப் பார்த்தார்.

"நான் தினம் காலையில எழுந்து இலைய கொதிக்க வச்சுக் குடுக்குறேன். நீங்க இங்க வந்து ஜிலேபி சாப்பிடுறீங்களா?"

அப்பா வாயில் இருந்ததை விழுங்கினார். "ஒண்ணுதான் மா."

"ரெண்டாவது கையில இருக்கு அங்கிள். நான் அஞ்சு நிமிஷமா அங்கேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணு. லேப்ல வேலை செய்யற. நீயும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க."

சொல்வதற்கு என்னிடம் உண்மை மட்டும்தான் இருந்தது.

நாங்கள் கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. ஆன்டி பொய் எதுவும் எழுதவில்லை. பார்த்ததை எழுதியிருந்தார். வேன் அங்கிளுக்குச் சுகர் இருப்பது எல்லாருக்கும் தெரியும், கட்டுப்பாடு இல்லை, ஓட்டும்போது மயக்கம் வந்தால் நம் பிள்ளைகளின் கதி என்ன என்று கேட்டிருந்தார். கீழே பலர் பதில் எழுதினார்கள். போன வாரம் பிள்ளைகள் வெயிலில் நின்றதை ஒருவர் நினைவுபடுத்தினார். தன் சித்தப்பா லோரி ஓட்டும்போது சுகர் இறங்கி மரத்தில் மோதியதை இன்னொருவர் எழுதினார். வேறு வேன் எண்ணை ஒருவர் பகிர்ந்தார்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார்.

"இல்லாத வியாதிக்கு வேல போவப் போவுது," என்றார்.

"உண்மைய சொல்லிரலாம் பா."

"அத சொன்னா மட்டும் இருக்குமா?"

சுகர்காரர் வேனில் பிள்ளையை அனுப்பப் பயப்படுகிறவர்கள் புற்றுநோய்க்காரர் வேனில் அனுப்புவார்களா? நானே அப்படி ஒரு வேனைப் பார்த்தால் என்ன நினைப்பேன்?

மறுநாள் காலை கௌசலா ஆன்டி கப்போடு வரவில்லை. சுகர் பார்க்கும் கருவியோடு வந்தார். ஆன்டிக்கு எதிர்வீட்டுத் தாமரை அக்காவும் மகனைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தாமரை அக்காவின் கணவர் ஜீவன் துறைமுகத்தில் வேலை செய்கிறார். அவருக்கு உண்மையாகவே சுகர். தினமும் இன்சுலின் போடுகிறவர்.

"கைய நீட்டுங்க அங்கிள். கூடுதலா இருந்தா இன்னைக்கு நான் கார்ல எல்லா பிள்ளைங்களையும் கொண்டு போயி விடுறேன். கோவிச்சுக்காதீங்க."

அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். பிள்ளைகள் எல்லாரும் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஊசி குத்தியது. அப்பா அசையவில்லை. இப்போதெல்லாம் ஊசிகளுக்கு அவர் அசைவதில்லை.

கருவி ஐந்து புள்ளி ஆறு காட்டியது.

வரும் என்று எனக்குத் தெரியும். சுகர் இல்லாத ஒருவருக்குக் காலையில், இங்குள்ள அளவுமுறையில், ஏறக்குறைய அப்படித்தான் வரும்.

கௌசலா ஆன்டி கருவியைத் தட்டினார். இன்னொரு விரலில் குத்தினார். ஐந்து புள்ளி ஏழு. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஜிலேபி தின்னும் அஞ்சு! பாத்தியா தாமரை? மிசாய் கூச்சிங்!" கருவியை அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்தார். "நான்தான் அங்கிள் அவசரப்பட்டுட்டேன். சோரி லா. குரூப்புல போட்டுர்றேன்."

போட்டார். அன்று மதியத்துக்குள் எல்லாம் மாறிவிட்டது. கட்டைவிரல்கள், பூங்கொத்துகள், செடி எங்கே கிடைக்கும் என்ற கேள்விகள். வேறு வேன் எண்ணைப் போட்டவர் அதை அழித்துவிட்டார். அப்பா அன்று மருத்துவமனைப் பெஞ்சில் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பிழைத்துவிட்டோம் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பல நாள்களுக்குப் பிறகு தூங்கினார், சிறுநீரை அடக்கிக்கொண்டே. தாதி வந்து எழுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை தாமரை அக்கா மகனை ஏற்றிவிட்டுப் போகாமல் நின்றார். முகத்தில் சந்தோஷம்.

"அங்கிள், உங்களாலதான். நம்ம வீட்டு ஆளும் குடிக்க ஆரம்பிச்சுட்டாரு. ஊசிய நிறுத்திட்டாரு."

அப்பா ஹேண்ட் பிரேக்கில் வைத்த கையை எடுத்தார். "எத நிறுத்திட்டாரு?"

"இன்சுலின. நேத்து காலையிலேருந்து போடல. உங்க படத்த பாத்தாரு. வேன் அங்கிளுக்கே அஞ்சுக்கு வந்துருச்சு, எனக்கு எதுக்கு ஊசின்றாரு. எனக்கும் நிம்மதி அங்கிள். அவரு வயித்துல குத்திக்கிறத பாக்கவே முடியாது."

இன்சுலின் நின்றால் உடம்புக்குள் என்ன நடக்கும் என்று நான் அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என்ஜினை அணைத்தார்.

"தாமரை, எனக்கு சுகர் இல்ல மா."

"அதான் அங்கிள், இப்ப இல்ல..."

"எப்பவுமே இல்ல."

எதிர்வீட்டிலிருந்து கௌசலா ஆன்டி தாரணியோடும் அவள் பையோடும் வந்துகொண்டிருந்தார். மறு கையில் கப். பாதித் தெருவில் நின்றுவிட்டார்.

"என்ன அங்கிள் சொல்றீங்க?"

"எனக்கு கேன்சர் மா. அதுக்குத்தான் தினம் கேஎல் போறேன். இந்த இலைக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல."



"எங்க?" என்றார் கௌசலா ஆன்டி.

அம்மா சொன்ன அதே கேள்வி. அப்பா வாயைத் திறந்தார். இரண்டு பெண்கள் எதிரே நின்றார்கள். பின்னால் அத்தனை பிள்ளைகள். அவருடைய காது மடல்கள் சிவந்தன. கழுத்தில் வேர்வை ஓடியது. அது ஊசியால் வந்ததா வெட்கத்தால் வந்ததா தெரியவில்லை. கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன.

"புரோஸ்டேட்," என்றேன் நான்.

தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

"அது எங்க இருக்கு?" என்றார் தாமரை அக்கா. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"மூத்திரப் பைக்குக் கீழ. ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கும். அதனாலதான் அப்பாவால அடக்க முடியல. சுகரால இல்ல." நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தோன்றியது. "அக்கா, அண்ணன் ஊசிய நிறுத்தக் கூடாது. ரொம்ப ஆபத்து. இப்பவே போய் சுகர் பாருங்க. இன்னைக்கே கிளினிக் கூட்டிட்டுப் போங்க. எவ்வளவு போடணும்னு அவங்கள கேளுங்க. ப்ளீஸ் கா."

தாமரை அக்கா கேட்டைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார். "இந்தாங்க, எழுந்திரிங்க," என்று கத்துவது கேட்டது.

கௌசலா ஆன்டி வேனருகில் வந்தார். கப்பில் இருந்தது தளும்பிக் கையில் வழிந்திருந்தது.

"அப்ப ஏன் அங்கிள் சுகருன்னு பொய் சொன்னீங்க?"

"நான் சொல்லல மா. நீங்க சொன்னீங்க. நான் ஆமான்னேன்."

"இத்தன நாளா இத எதுக்குக் குடிச்சீங்க?"

"நீங்க நின்னீங்களே."

ஆன்டி வழிந்த கையை உதறினார். தாரணியை வேனில் ஏற்றுவாரா, திரும்ப அழைத்துப் போவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாரணியும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆன்டி அவளை ஏற்றி, கதவை இழுத்துச் சாத்தினார். எங்கள் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். அன்று யாரும் பாட்டுப் பாடவில்லை. பெட்ரோல் ஸ்டேஷனில் அப்பா இறங்கி ஓடியபோதும் பாடவில்லை. அந்த மௌனம் பாட்டைவிட மோசமாக இருந்தது.

மருத்துவமனைப் பெஞ்சில் உட்கார்ந்து குழுவுக்குச் செய்தி எழுதினோம். அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். எனக்குச் சுகர் இல்லை, புரோஸ்டேட் கேன்சர், வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், என் மகள் கூட வருகிறாள், யாரும் ஊசி மருந்தை நிறுத்த வேண்டாம். "மன்னிக்கணும்னு போடவா பா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "லேட்டா வந்த அன்னைக்கு மட்டும்," என்றார்.

குழுவில் கும்பிடும் கைகளும் முருகன் படங்களும் வந்தன. விரைவில் குணமடைய வேண்டும் என்றார்கள். தனியாக வந்த செய்திகள் வேறு மாதிரி இருந்தன. லோகனின் அம்மா நல்ல மாதிரியாகத்தான் எழுதியிருந்தார். அங்கிள் ஓய்வு எடுங்கள், நாங்கள் திங்களிலிருந்து வேறு வேன் பேசிவிட்டோம். அதே போல இன்னும் இரண்டு வீடுகள். அப்பா ஒவ்வொருவருக்கும் "சரி மா" என்று பதில் போட்டார். ஜீவன் அண்ணனின் சுகர் மிகவும் ஏறியிருந்ததாகவும், கிளினிக்கில் திட்டி ஊசி போட்டு அனுப்பியதாகவும் தாமரை அக்கா மாலையில் குரல் செய்தி அனுப்பினார். அதை அப்பா இரண்டு முறை கேட்டார்.

திங்கட்கிழமை மழை தூறியது. பழக்கத்தில் அப்பா லோகன் வீட்டுத் தெருவுக்குள் திரும்பிவிட்டார். பாதியில்தான் நினைவு வந்தது. அந்தச் சந்தில் வேனைத் திருப்ப இடம் கிடையாது. கடைசி வரை போய், லோகன் வீட்டு முன்னால்தான் திரும்ப வேண்டும். லோகன் சீருடையில் கேட்டுக்குள் நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிக்கொண்டான். அப்பா ஹாரனைத் தொடாமல் முன்னும் பின்னுமாக வளைத்துத் திருப்பினார்.

தாமரை அக்கா வீட்டில் ஜீவன் அண்ணனே வெளியே நின்றார். வேலைக்குப் போகும் சட்டை போட்டிருந்தார். மகனை ஏற்றிவிட்டு அப்பா பக்கம் வந்தார்.

"அண்ணே, உள்ள போயிட்டு வாங்க. கேட்டு தொறந்துதான் இருக்கு. வாசல் பக்கத்துலயே டாய்லெட்."

"இப்ப வரல தம்பி."

"வராட்டியும் போயிட்டு வாங்க. பெட்ரோல் ஸ்டேஷன் வரைக்கும் எதுக்கு ஓட்டம்? இனிமே தினம் இங்கயே போங்க. கேக்க வேணாம்."

அப்பா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். பிறகு இறங்கினார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். வர நேரமானது. இப்போதெல்லாம் அவருக்கு எல்லாமே நேரமாகிறது. ஜீவன் அண்ணன் மழையில் நின்றார். எதிர்வீட்டிலிருந்து தாரணி குடையோடு தனியாக வந்து ஏறினாள். ஆன்டி கம்பிக் கதவுக்கு உள்ளேயே நின்றார். நான் தலையசைத்தேன். அவரும் அசைத்தார் என்று நினைக்கிறேன். மழையில் சரியாகத் தெரியவில்லை.

அப்பா திரும்பி வந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்ஜினைக் கிளப்பினார்.

"அங்கிள்," என்றாள் தாரணி. "கேன்சர் வந்தா செத்துருவாங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"இன்னைக்கு இல்ல. பெல்ட்ட போடு."

அவள் பெல்ட்டைப் போடவில்லை. லோகன் இல்லாததால் ஜன்னலோரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. தாமரை அக்காவின் மகன் அதில் பையை வைத்திருந்தான். தாரணி பையைத் தூக்கிக் கீழே போட்டாள். அவன் கத்தினான். அவள் அவனைவிடச் சத்தமாகக் கத்தினாள். "உக்காருங்க!" என்று அப்பா சொன்னது யார் காதிலும் விழவில்லை. பள்ளி வாயில் வரை சண்டை நடந்தது.

அப்பா வைப்பரை வேகமாக்கிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.